மரத்தில் மஹசீர்: தலையணை உடம்பு, வலைச் செதில், வெளுத்துப்போன கிளியர் கோட்

புதுஉளி_ஹலசூர்:
வணக்கம். 45 செ.மீ. நீளத்தில் காவிரி மஹசீர் (ஆற்றில் வாழும் பெரிய கெண்டை இன மீன்) ஒன்றை மரத்தில் செதுக்கினேன், ஆரஞ்சுத் துடுப்பு ரகம். பெங்களூர் மைசூர் ரோடு டிம்பர் யார்டில் எடுத்த தேக்குத் துண்டு. பக்கவாட்டில் பார்த்தால் மீன்தான், எதிரே நின்று பார்த்தால் தலையணை. செதிலுக்கு வலைத்துணியைப் போர்த்தி ஏர்பிரஷ் அடித்ததில் தலை முதல் வால் வரை ஒரே அளவுக் கட்டம். துடுப்பு 4 மி.மீ. ப்ளைவுட். கடைசியில் என்.சி. கிளியர் (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், நிறமில்லாத மேல்பூச்சு) அடித்ததும் முதுகு முழுக்கப் பால் கொட்டினாற்போல் வெளுத்துவிட்டது. அடித்தது மழை நாள் சாயங்காலம். இதைத் தேற்றலாமா, வேறு கட்டை எடுக்கலாமா?

பக்கக்கோடு:
வேறு கட்டை எடுங்கள். வெளுப்பைப் பற்றித் தின்னர்வாசம் வந்து சொல்வார், நான் உடம்புக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பக்கத் தோற்றத்தை அறுத்துவிட்டு நாலு மூலையையும் உருட்டினால் தலையணைதான் வரும். மீனின் குறுக்குவெட்டு தலைக்கு ஒரு மாதிரி, நடு உடம்புக்கு ஒரு மாதிரி, வால் தண்டுக்கு (வால் துடுப்புக்கு முன்னால் ஒடுங்கும் பகுதி) ஒரு மாதிரி. மஹசீருக்குக் கண்களுக்கு நடுவே மண்டை அகன்று கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தில் அதிக அகலம் பக்கக்கோட்டுக்கு (செவுளிலிருந்து வால் வரை உடம்பின் பக்கத்தில் ஓடும் கோடு) சற்று மேலே. அங்கிருந்து முதுகு கூரைபோல் ஒடுங்கும், வயிறு மெதுவாக உருளும். வால் தண்டு இரண்டு பக்கமும் அமுக்கிவிட்டதுபோல் தட்டை. மேலிருந்து பார்த்தால் மீன் மிக அகன்றிருப்பது நடு உடம்பில் இல்லை, செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால். அங்கிருந்து வால் வரை நீண்ட ஆப்பு மாதிரி ஒடுங்குகிறது. முதல் மீன் செய்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் தப்புவது இங்கேதான்.

45 செ.மீ. மீனுக்கு ஏறக்குறைய இந்த அளவுகள் சரிவரும்: செவுள் மூடி ஓரத்தில் உயரம் 90 மி.மீ., தடிமன் 60. முதுகுத் துடுப்பு தொடக்கத்தில் 100க்கு 58. குதத் துடுப்பு அருகே 65க்கு 35. வால் தண்டின் மெலிந்த இடத்தில் 40க்கு 16. ஒவ்வொன்றுக்கும் தடித்த அட்டையில் பாதிக் குறுக்குவெட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். செதுக்கும்போது அட்டையை ஒட்டி வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் வரும் இடத்தில் மரம் குறைந்துவிட்டது, அட்டை தூக்கி நிற்கும் இடத்தில் இன்னும் சீவ வேண்டும். ஒரே அட்டையைத் திருப்பி மறுபக்கத்துக்கும் வைப்பதால் இடமும் வலமும் ஒத்துப்போகும்.

மரத்தூள்:
தேக்கு எதுக்குங்க? அதுல எண்ணெய் இருக்கு, பிரைமர் பிடிக்க அடம் பண்ணும். சிலிக்கா வேற இருக்கு, உளி முனை சீக்கிரம் மழுங்கும். சூட்டுப் பேனாவால (முனை சூடேறி மரத்துல கோடு கருக்குற பேனா) செதில் சுடும்போது கருப்பு வளையமும் வெளிர் வளையமும் வேற வேற மாதிரி கருகும், கோடு ஒரே ஆழத்துல விழாது.

குமிழ் வாங்குங்க. கன்னடக்காரங்க கடையில ஷிவனின்னு கேக்கணும். லேசு, காஞ்ச பிறகு அதிகம் முறுக்காது, எந்தப் பக்கம் உளி வெச்சாலும் ஓரளவு ஒத்துழைக்கும். சன்னபட்டணத்துப் பொம்மைக்காரங்க கடையிற ஹாலே மரம், நம்ம ஊர் வெட்பாலை, இன்னும் நைஸ். வெள்ளையா, நார் தெரியாம, சுட்ட கோடு மயிரிழை மாதிரி நிக்கும். ஆனா அந்த மரம் பருக்காது. நடு இருதயம், அதாவது மரத்தோட மையம், இல்லாம 11 செ.மீ. அகலக் கட்டை கிடைக்கிறது கஷ்டம். அதனால உடம்புக்குக் குமிழ், துடுப்புக்கு ஹாலே.

ஒரே கட்டையா எடுக்காதீங்க. 48 × 11 செ.மீ. அளவுல 3.5 செ.மீ. பலகை ரெண்டு எடுத்து, நார் மூக்குலருந்து வாலுக்கு ஓடுற மாதிரி ஒட்டுங்க. ஒட்டின கோடே மீனோட நடுக்கோடு. எத்தனை சீவினாலும் அது அழியாது, பென்சில் கோடு மாதிரி திரும்பத் திரும்ப போட வேணாம். ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பலகையிலயும் உள்பக்கம் வயித்துக்கு நேரா கிண்ணம் மாதிரி குடைஞ்சா எடையும் குறையும், வெடிப்பும் வராது. சுத்தி 20 மி.மீ. சுவர் விடணும். தண்ணி தாங்குற மரப்பசை, 24 மணி நேரம் கிளாம்ப். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல காட்டுற பலகையைத் தொடாதீங்க. இப்ப நல்லா இருக்கும், மார்ச்சுல வீட்டுக்குள்ள காஞ்சு மூட்டு வாயைப் பொளக்கும்.

வயித்துல 6 மி.மீ. ஓட்டையை, கட்டை சதுரமா இருக்கும்போதே போட்டுடுங்க. பித்தளைக் கம்பியைச் செருகி வைஸ்ல பிடிச்சா அதுதான் கைப்பிடி, அதுவே கடைசியில ஸ்டாண்டு.

புதுஉளி_ஹலசூர்:
நன்றி அண்ணே. மாதிரிக்கு நிஜ மீன் வேண்டுமே. ரஸ்ஸல் மார்க்கெட்டில் ரோகு வாங்கி அதை வைத்து மஹசீர் செய்யலாமா? இரண்டும் கெண்டைக் குடும்பம்தானே.

பக்கக்கோடு:
குடும்பம் ஒன்று, முகம் வேறு. மஹசீருக்கு உதடு தடித்தது, மீசை இரண்டு ஜோடி, தலையும் ரோகுவைவிட நீளம். உங்கள் ஆரஞ்சுத் துடுப்பு ரகத்துக்குத் திமில் மஹசீர் என்றும் பெயர், அதற்குத் தலைக்குப் பின்னால் முதுகு எழும்பி நிற்கும். ரோகு உடம்பில் ஆரஞ்சு அடித்தால் ஆரஞ்சு ரோகுதான்.

ஆனாலும் ரோகுவை வாங்குங்கள், அதிலிருந்து மூன்று விஷயம் எடுக்கலாம். ஒன்று, செவுள் மூடி: அது ஒரே தகடு இல்லை, எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தது, பின்னோரத்தில் மெல்லிய சவ்வு. இரண்டு, துடுப்பு உடம்பில் முளைக்கும் இடம்: அடியில் சதை லேசாக மேடு கட்டும். நேரே ஆணி அடித்தாற்போல் துடுப்பு நிற்பதில்லை. மூன்று, வாய். கெண்டைக் குடும்பத்துக்குத் தாடையில் பல்லே கிடையாது, பல் தொண்டைக்குள். மஹசீருக்கு ஊசிப்பல் வைத்த மர மீன்களை இணையத்தில் பார்க்கலாம், அவற்றை மாதிரியாக எடுக்க வேண்டாம்.

நிறத்துக்கு மட்டும் சந்தை மீனை நம்பாதீர்கள். ஐஸில் கிடந்ததும் பொன்னிறம் ஈயமாகிவிடும், கண் வெளுக்கும், துடுப்பு ஒட்டிச் சுருங்கும். மீன் தண்ணீரைவிட்டு வந்த சில நிமிடத்துக்குள் எடுத்த படம்தான் நிறத்துக்கு ஆதாரம். வார்ப்பெடுக்க உங்களுக்குத் திமில் மஹசீர் கிடைக்கவும் கூடாது. டோர் ரெமாதேவி என்று 2018இல் அறிவியல் பெயர் உறுதியாகி, அதே ஆண்டு மிக அருகிய இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறிய மீன் அது. பக்கவாட்டு, மேல், முன் என்று மூன்று கோணப் படம் சேருங்கள். பிடித்தவர் கையை நீட்டி எடுத்த படத்தில் தலை பெரிதாக விழும், அதிலிருந்து அளவு எடுக்காதீர்கள்.

இன்னொன்று, நீலத் துடுப்பு மஹசீரும் காவிரியில் உண்டு. மீன்குஞ்சுப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம். இரண்டு படத்தையும் கலந்துவிடாதீர்கள்.

மரத்தூள்:
துடுப்புக்கு வரேன். 4 மி.மீ. ப்ளைவுட்டுன்னா அது துடுப்பு இல்ல, பலகை. ஓரத்துல மூணு அடுக்கும் தெரியும், எத்தனை பெயின்ட் அடிச்சாலும் மறையாது.

ஹாலே மரத்துல 3 மி.மீ. சீவல் எடுங்க. நார் துடுப்புக் கம்பி (துடுப்பை விசிறி மாதிரி தாங்குற எலும்பு) ஓடுற திசையில போகணும். அடிப்பக்கம் 3 மி.மீ. அப்படியே இருக்கட்டும், வெளி ஓரம் 0.8 வரைக்கும் இறக்குங்க. இறக்கும்போது கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல நாரோட பிளக்கும், பயப்படாதீங்க. 1.5 வந்ததும் தண்ணியா ஓடுற சூப்பர் க்ளூவை ஓரத்துல விட்டா மரம் உறிஞ்சி எலும்பு மாதிரி ஆயிடும், அதுக்கப்புறம் மிச்சத்தை உப்புத்தாள்ல தேயுங்க. வழிஞ்ச க்ளூவைப் பருத்தித் துணியால துடைக்கக் கூடாது. பருத்தியில பட்டா சட்டுனு சூடேறிப் புகையும், கை வெந்துரும். பிளாஸ்டிக் தாளை வெச்சு ஒத்தி எடுங்க.

வளைவு வேணும்னா க்ளூ விடுறதுக்கு முன்னாடியே கெட்டில் ஆவியில அஞ்சு நிமிஷம் காட்டி, டம்ளர் மேல ரப்பர் பேண்டு போட்டு ஒரு நாள் விடணும். க்ளூ குடிச்ச மரம் வளையாது, ஒடியும்.

பக்கக்கோடு:
துடுப்புக் கம்பிகளைச் சீப்புப் பல் மாதிரி இணையாகப் போடுகிறவர்கள்தான் அதிகம். அவை அடியில் நெருங்கி ஓரத்தில் விரியும். மஹசீரின் முதுகுத் துடுப்பில் முன்னால் நிற்பது தடித்த, கிளைக்காத எலும்புக் கம்பி. அதன் பின்னால் 9 கிளைக் கம்பிகள். ஒவ்வொன்றும் பாதி உயரத்தில் இரண்டாகவும் ஓரத்துக்கு அருகில் நாலாகவும் பிரியும். குதத் துடுப்பில் கிளைக் கம்பி 5 மட்டும். வாலில் முக்கியக் கம்பி 19, மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஒவ்வொன்று கிளைக்காது. துடுப்பின் இரண்டு முகத்திலும் கம்பி ஒரே இடத்தில் வர வேண்டும். முதலில் ஓரத்தில் பென்சில் புள்ளி வைத்து, அங்கிருந்து இரு முகத்துக்கும் கோட்டை இறக்கினால் பிசகாது.

புதுஉளி_ஹலசூர்:
செதில்தான் பயமுறுத்துகிறது. வலைத்துணி வேண்டாம் என்றால் ஒவ்வொன்றாகச் செதுக்கவா?

பக்கக்கோடு:
எண்ணிக்கையைப் பார்த்தால் பயம் போகும். மஹசீர் பெரிய செதில் மீன். பக்கக்கோட்டில் செவுள் மூடியிலிருந்து வால் அடி வரை 25 முதல் 30க்குள் அடங்கும், உங்கள் படத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ரோகுவுக்கு இதே நீளத்தில் 40க்கு மேல். 45 செ.மீ. மீனில் இந்த இடைவெளி ஏறக்குறைய 26 செ.மீ. 26 செதில் என்றால் சராசரி 10 மி.மீ. செவுளுக்குப் பின்னால் 12, வால் தண்டில் 8, நெஞ்சுப் பக்கம் இன்னும் சிறிது. முதுகுத் துடுப்பின் அடிக்கும் பக்கக்கோட்டுக்கும் நடுவே 4 வரிசைதான். வலைத்துணி ஏமாற்றுவது இதனால்தான்: அதற்கு 12ம் 8ம் தெரியாது, வளைந்த இடத்தில் இழுபட்டுக் கட்டமும் கோணிவிடும். பொடிச் செதில் மீனுக்கு வலை பரவாயில்லை, மஹசீருக்கு ஆகாது.

முதலில் பக்கக்கோட்டை வரையுங்கள். அது நேர்க்கோடு இல்லை, செவுளிலிருந்து லேசாகக் கீழே இறங்கி வால் நடுவுக்குப் போகும். அதில் செதில் நடுப்புள்ளிகளை வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் முதுகுக்கும் வயிற்றுக்கும் இரண்டு பக்கமும் சாய்கோடு இழுத்தால் சாய்சதுர வலை கிடைக்கும். கோடுகளை வளைவோடு போக விடுங்கள், அளவுகோல் வைக்காதீர்கள். ஒவ்வொரு சாய்சதுரத்துக்குள்ளும் வால் பக்கம் பார்த்த ஒரு வில். தலைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முன் செதில்தான் பின் செதிலின்மேல் ஏறிக் கிடக்கும், ஓடு வேய்ந்த கூரை மாதிரி. வாலிலிருந்து தொடங்கினால் முன் வில் பின் வில்லை வெட்டிக்கொண்டு போய்விடும்.

மரத்தூள்:
வரைஞ்சதைச் சுடணுமா செதுக்கணுமாங்கிறதுல எனக்கும் பக்கக்கோடுக்கும் எப்பவும் சண்டை. மஹசீர் அளவு செதிலுக்குச் செதுக்குறதுதான் அழகு. கத்தி முனையால வில்லு மேல 0.5 மி.மீ. ஆழத்துக்குச் செங்குத்தா ஒரு வெட்டு, அப்புறம் பின்னாடி செதில்லருந்து அந்த வெட்டை நோக்கிச் சாய்ச்சு சீவினா முன் செதில் தூக்கிக்கிட்டு நிக்கும். சூட்டுப் பேனாவுல சுட்டா வெறும் கோடுதான், படி வராது.

பக்கக்கோடு:
படி வரும், ஆனால் 0.5 மி.மீ. படி என்பது 45 செ.மீ. மீனுக்கு அதிகம். பிரைமருக்கு அப்புறம் பைனாப்பிள் மாதிரி தெரியும். சூட்டுப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து வில்லின் வெளிப்பக்கத்தை மட்டும் கருக்கினால் 0.2 மி.மீ. இறக்கம் கிடைக்கும், அது போதும். முகத்திலும் செவுள் மூடியிலும் செதிலே கிடையாது, அங்கே பேனா போகக் கூடாது.

இதில் இருவருக்கும் ஒத்த கருத்து ஒன்று உண்டு. சுடுவதெல்லாம் பூச்சு இல்லாத வெறும் மரத்தில், சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) அடிப்பதற்கு முன். சீலர்மேல் சூட்டுப் பேனா வைத்தால் புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும், கோடும் குமிழி கட்டும்.

கண்ணாடிக்கண்:
கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. மீன் உயிரோடு இருக்கிறதா செத்ததா என்று காட்டுவது அதுதான்.

நகை செய்யும் பொருள் கடைகளில் அடி தட்டையான, மேல் குவிந்த கண்ணாடிக் குமிழ்கள் உண்டு. இந்த மீனுக்கு 14 மி.மீ. தட்டையான அடியில் தலைகீழ் வரிசையில் வரையுங்கள்: முதலில் கருமணி, காய்ந்ததும் அதைச் சுற்றி மெல்லிய பொன் வளையம், பிறகு கருவிழிக்கு ஒளி ஊடுருவும் பொன்-பழுப்பு, கடைசியில் எல்லாவற்றையும் மூடிக் கருப்பு. முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது முதலில் போட்டதுதான் மேலே தெரியும். பழுப்பை முதலில் அடித்துவிட்டால் கருமணி ஒளிந்துகொள்ளும். பல மீன்களில் கருமணி துல்லிய வட்டம் இல்லை, மூக்குப் பக்கம் லேசாகக் கூம்பும். படத்தைப் பார்த்து வையுங்கள்.

குழியை 15 மி.மீ. அகலத்துக்குத் தோண்டி, எபாக்சி புட்டியில் பதியுங்கள். எதிரே நின்று நடுக்கோட்டிலிருந்து இரண்டு கண்ணின் தூரமும் உயரமும் சமமா என்று டிவைடரில் பாருங்கள். புட்டி கெட்டியாகும் முன் ஒரு நிமிடம் இதற்குச் செலவிடலாம், அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஓரத்தில் பிதுங்கும் புட்டியை ஈர விரலால் வழித்துவிடுங்கள். மீனுக்கு இமை கிடையாது, தடித்த வளையம் விட்டால் மனிதக் கண் ஆகிவிடும். பெயின்ட் எல்லாம் முடிந்தபின் கண்ணாடிமேல் படிந்ததைப் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள், கத்தி வேண்டாம்.

தின்னர்வாசம்:
லேட்டா வந்துட்டேன். வெளுப்புக்கு முதல்ல பதில்.

என்.சி. தின்னர் ரொம்ப வேகமா ஆவியாகும். ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். மழைக் காத்துல இருக்கிற ஈரம் அந்தக் குளிர்ந்த பூச்சு மேல வேர்க்கும், உள்ளேயே மாட்டிக்கும். அந்த வெளுப்பு பெயின்ட் இல்ல, தண்ணி. பெங்களூர்ல ஜூலைலருந்து அக்டோபர் வரைக்கும் சாயங்காலம் என்.சி. அடிச்சா இதுதான் கதை. வெயில் இருக்கிற நாள் மத்தியானம் 12லருந்து 3க்குள்ள, தின்னர்ல ரிடார்டர் (ஆவியாகுறதை மெதுவாக்குற திரவம்) 5 முதல் 10 சதவீதம் கலந்து, ஒரு மெல்லிய மூடுபனி மாதிரி அடிங்க. பூச்சு லேசா இளகி ஈரத்தை விட்டுடும், தெளிஞ்சிடும். ஆனா உங்க மீன்ல அடியில அக்ரிலிக் இருக்கு. ஈரமா ஊத்துற மாதிரி அடிச்சா தின்னர் அக்ரிலிக்கைக் கடிச்சு சுருக்கம் போட்டுடும். மூணு தடவை, நடுவுல அரை மணி. வயித்துப் பக்கம் ஒரு இடத்துல சோதிச்சுட்டு முதுகுக்குப் போங்க. கம்ப்ரசர் லைன்ல தண்ணி பிடிக்கிற கிண்ணம் இருக்கான்னும் பாருங்க.

அடுத்த மீனுக்கு: 120, 180, 240, 320 உப்புத்தாள். 240க்கு அப்புறம் ஈரத் துணியால ஒரு தடவை துடைச்சு நார் எழும்ப விட்டு, காஞ்சதும் 320. செதில் சுடுறது இதுக்கப்புறம்தான், சுட்ட இடத்துல மறுபடி உப்புத்தாள் போகக் கூடாது. சேன்டிங் சீலரை ஒண்ணுக்கு ஒண்ணு தின்னர் விட்டு, ரெண்டே மெல்லிய பூச்சு. கெட்டியா ஒரே பூச்சா அடிச்சீங்கன்னா சுட்ட கோடு எல்லாம் ரொம்பிடும், ரெண்டு வாரம் செதில் போட்டது வேஸ்ட். சீலர் ஒரு நாள் காஞ்சதும் அக்ரிலிக்.

நிறம்: வெறும் சில்வர் பெயின்ட் அடிக்காதீங்க, எவர்சில்வர் பாத்திரம் மாதிரி ஆயிடும். வயிறு மங்கல் வெள்ளை, பக்கம் வெளிர் பொன், முதுகு ஆலிவ் கலந்த பழுப்பு. ஒண்ணோட எல்லை இன்னொண்ணுல கரையணும். ஏர்பிரஷ் 0.3 நாசில், பெயின்ட் பால் பதத்துல, காத்தழுத்தம் பெரிய பரப்புக்கு 25 பிஎஸ்ஐ, நுணுக்கத்துக்கு 15. அப்புறம் அட்டையில ஒரே ஒரு செதில் வில்லை வெட்டி, அதை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு செதிலுக்கும் நிழல் போடுங்க. அளவுக்கு ஒண்ணா மூணு அட்டை: 12, 10, 8. செதிலோட அடி இருட்டா விளிம்பு வெளுப்பா, இல்ல நேர்மாறாங்கிறதை உங்க படத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்க, குத்துமதிப்பா போடாதீங்க.

மினுமினுப்புக்கு முத்துப் பொடியைத் தெளிவான மீடியத்துல கலந்து கடைசியில. கோணம் மாத்தினா நிறம் மாறுற ரகப் பொடி இருட்டு நிறத்து மேலதான் பளிச்சுனு தெரியும், வெள்ளை மேல மறைஞ்சிடும். முதுகுல கொஞ்சமா, வயித்துல தாராளமா போட்டாத்தான் ரெண்டும் சமமா தெரியும். துடுப்பு ஆரஞ்சை ஒரே கெட்டிப் பூச்சா போடாம நாலு மெல்லிய பூச்சா ஏத்துங்க, துடுப்பு கண்ணாடி மாதிரி தெரியணும்.

மரத்தூள்:
கிளியர் பளபளன்னு வேணாம்னு நான் சொல்லுவேன். அரைப் பளபளப்பு போதும். முழு கிளாஸ்ல டியூப்லைட் வெளிச்சம் விழுந்தா செதில் வேலையே தெரியாது, வெறும் வெள்ளைக் கோடு ஒண்ணுதான் தெரியும்.

தின்னர்வாசம்:
தண்ணியில இருந்து எடுத்த மீனு ஈரமாத்தான் இருக்கும் அண்ணே. உடம்புக்கு கிளாஸ், துடுப்புக்கு சாட்டின். டியூப்லைட் பிரச்சினைன்னா விளக்கை மாத்துங்க.

கிளியருக்கு டூ-கே பி.யூ. (ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன்) நல்லது, வெளுக்காது, மஞ்சளாகவும் லேட் ஆகும். ஆனா அதோட ஹார்டனர்ல மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருக்கு, வீட்டு பால்கனியில சாதா மாஸ்க் போட்டு அடிக்கிற சமாச்சாரம் இல்ல. ஜே.சி. ரோடு பக்கம் வண்டி பெயின்ட் அடிக்கிற ஏதாவது பூத்ல கொடுத்து அடிச்சு வாங்குங்க. முதல் ரெண்டு பூச்சு தூறல், 15 நிமிஷம் விட்டு மூணாவது ஈரமா. அக்ரிலிக் முடிச்சு குறைஞ்சது மூணு நாள் காய விடணும்.

புதுஉளி_ஹலசூர்:
பழைய மீனுக்கு வயிற்றில் சோதனை: இரண்டு தூறலில் வெளுப்பு போய்விட்டது, சுருக்கம் இல்லை. முதுகுக்கு நாளை மத்தியானம். புதுசுக்குக் குமிழ் பலகை பார்த்தேன், மீட்டரில் 14 காட்டுகிறது. ஒரு சந்தேகம்: மீன் திரும்புகிற மாதிரி வாலை வளைத்துச் செய்யலாமா?

மரத்தூள்:
14ஆ? வாங்கி, ரெண்டு முனையிலயும் மெழுகு தடவி, காத்து போற இடத்துல குச்சி வெச்சு அடுக்கி ஒன்றரை மாசம் விடுங்க. வாரம் ஒரு தடவை எடை போடுங்க, எடை குறையறது நின்னதும் மறுபடி மீட்டர் வைங்க.

வால் வளைக்கலாம், ஆனா மேல் தோற்றத்துல நடுக்கோட்டுலருந்து 3 செ.மீ.க்கு மேல போகாதீங்க. அதுக்கு மேல போனா வால் தண்டுல நார் குறுக்கே வெட்டுப்பட்டு, 16 மி.மீ. தடிமன்ல பட்டுனு ஒடியும். வளைச்சா ஒட்டுக்கோடும் நடுவுல இருக்காது, அந்த இடத்துல மட்டும் நடுக்கோட்டைப் பென்சில்ல போட்டுக்குங்க. வால் துடுப்பைத் தனியா செஞ்சு, மெல்லிய பித்தளைக் கம்பி ரெண்டு 25 மி.மீ. ஆழத்துக்கு எபாக்சியில இறக்கி மாட்டுங்க.

பக்கக்கோடு:
வளைத்தால் உள்வளைவுப் பக்கம் செதில் நெருங்கும், வெளிவளைவில் விலகும். எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றே, அகலம்தான் மாறும். உள்பக்க மார்புத் துடுப்பையும் கொஞ்சம் விரித்து வையுங்கள்.